மேற்குக் கரை டிக்கி பார்: இப்போது போகலாமா?

வாசகர் கேள்வி, ஜூலை 13

செப்டம்பரில் மனைவியோடு மொரீஷியஸ் வருகிறேன். மேற்குக் கரையில் உள்ள ஒரு டிக்கி பாரைப் பற்றி இங்கே ஒரு அக்கா விடாமல் எழுதுவார். சவுக்குத் தோப்பு, கடலில் சூரியன் இறங்குவது, பீங்கான் குவளையில் ரம் என்று ஆசை காட்டியவர் அவர்தான். ஒரு மாலையை அதற்கு ஒதுக்கலாமா? டாஸ்மாக் ரம்மும் கோலாவும் தவிர எதுவும் தெரியாத ஆள் நான். டிக்கி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஜூலை 13, இரவு

ஒதுக்காதீர்கள். அந்த அக்கா நான்தான். நேற்று இரவுதான் போய்வந்தேன். இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்காரரின் பிறந்தநாள். அவருடைய அக்கா குடும்பமும் பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து வந்திருந்தது. எங்கே போகலாம் என்றதும் நான்தான் அந்த இடத்தைச் சொன்னேன். உட்கார்ந்த உடனேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. பீங்கான் குவளைகள் இல்லை, பிளாஸ்டிக் கிளாஸ். மேசையில் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. இந்தத் தீவின் செகா பாட்டைப் பாடுகிறவர்கள் இருந்த மூலையில் இரண்டு ஆளுயர ஸ்பீக்கர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். டிக்கி பார்களின் பெயர்பெற்ற ரம் பானமான மை டாய் வந்தது. சிவப்பு நிறத்தில். ஒரு வாய் வைத்தேன். பாட்டில் எலுமிச்சையின் அந்தத் தட்டையான புளிப்பு, அதன்மேல் பாதாம் எசன்ஸ் வாசனை, அதன்மேல் டின் அன்னாசிச் சாறு. விக்டோரியா அன்னாசி விளைகிற தீவில் டின் அன்னாசி! கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கிறது. வருகிற வழியெல்லாம் கரும்பு லாரிக்குப் பின்னால்தான் ஊர்ந்து வந்தோம். அப்படிப்பட்ட ஊரில் சர்க்கரைக்குப் பதில் ஏதோ சிவப்பு சிரப்.

விலையோ முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

ஜூலை 14, காலை

டிக்கி என்றால் என்ன என்று கேட்டவருக்கு நேற்று பதில் சொல்லவில்லை.

பசிபிக் தீவுகளைக் கனவு கண்டு அமெரிக்கர்கள் கட்டிய மதுக்கடை அது. 1933-இல் அங்கே மதுவிலக்கு முடிந்த கையோடு ஹாலிவுட்டில் 'டான் தி பீச்காம்பர்' என்ற பெயரில் ஒருவர் ஆரம்பித்தார். இயற்பெயர் எர்னஸ்ட் கான்ட். இளம் வயதில் ஊர் ஊராகச் சுற்றியவர். மூங்கில், மீன்வலை, ஓலை, மங்கலான விளக்கு என்று கடையை ஜோடித்தார். அப்போது ரம் மலிவு. ஒரே கோப்பையில் இரண்டு மூன்று விதமான ரம்மைச் சேர்த்து, எலுமிச்சை, பட்டைப் பாகு, கிராம்பு, ஜாதிக்காய் என்று மசாலாவோடு கலந்தார். சாம்பி என்ற அவருடைய பானம் அவ்வளவு கடுமை. ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று கடையிலேயே விதி.

ஓக்லாண்டில் விக்டர் பெர்ஜிரான் என்பவர் நடத்திவந்த கடைதான் அவரைப் பார்த்துப் பிறகு 'ட்ரேடர் விக்ஸ்' ஆனது. மை டாய் அவர் 1944-இல் கலந்தது. இல்லை, நான்தான் முதலில் செய்தேன் என்று டான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு விக் பக்கம்தான் சாய்வு. கலவை எளிமையாக இருக்கிறது. டானுடையது எப்போதும் ஒரு படி சிக்கலாகவே இருக்கும்.

கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் ரம்மோடு சேர்வதில் நமக்கு அந்நியமாக ஒன்றும் இல்லை. எனக்கு இந்த இடம் முதல் நாளே பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

ஜூலை 14, மதியம்

கடைப் பெயரைக் கேட்டுத் தனிமடல் அனுப்புகிறவர்களுக்கு: சொல்லமாட்டேன். அங்கே பரிமாறுகிற பையன்கள் பலர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். தப்பு அவர்களுடையது இல்லை.

ஜூலை 15

"மை டாய் ஹவாய் பானம்தானே, அன்னாசி இல்லாமல் எப்படி?" என்று டர்பனிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லை அண்ணா. 1944-இல் கலந்ததில் அன்னாசி கிடையவே கிடையாது. ஜமைக்காவில் செய்த 17 வருட ரம் 60 மில்லி, ஒரு முழு எலுமிச்சையின் சாறு, ஆரஞ்சுத் தோலில் செய்த க்யூராசோ என்கிற இனிப்பு மது 15 மில்லி, பாதாம் பாகு ஏழெட்டு மில்லி, கற்கண்டுப் பாகு ஏழெட்டு மில்லி. அவ்வளவுதான். நொறுக்கிய ஐஸில் குலுக்கி ஊற்றி, பிழிந்த எலுமிச்சை மூடியையும் ஒரு கொத்துப் புதினாவையும் மேலே வைப்பார்கள். நிறம் தேன் மாதிரி இருக்கும். சிவப்பு எங்கிருந்தும் வர வழியில்லை.

1953-இல் ஹவாயின் பெரிய ஓட்டல்களுக்கு விக் இதைக் கொண்டுபோனார். அங்கே போன பிறகுதான் அன்னாசியும் ஆரஞ்சும் உள்ளே நுழைந்தன. அந்த வகையும் நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். புதிதாகப் பிழிந்த அன்னாசியில் செய்து கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

எலுமிச்சைக்கு ஏன் இத்தனை கோபம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ரம்மின் இனிப்பையும் பாகின் இனிப்பையும் தூக்கிப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு சாறுதான். பிழிந்த அன்று சாயங்காலம் அதற்கு ஓர் உயிர் இருக்கிறது. மறுநாள் மந்தமாகிவிடும். பாட்டிலில் வருவதைச் சூடாக்கி, கெடாமலிருக்க மருந்து சேர்த்து அடைக்கிறார்கள். புளிப்பு இருக்கும், வாசனை இருக்காது. ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுவதற்கும் காய்ந்த பொடியைத் தூவுவதற்கும் உள்ள தூரம் அது.

ஜூலை 17

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைய இரவைக் கெடுத்தது எலுமிச்சையா, ஸ்பீக்கரா? இரண்டும் இல்லை. அவர் இல்லை. அதுதான்.

அந்தக் கடையில் ஒரு பார்டெண்டர் இருந்தார். ஊர் மஹேபூர்ப் பக்கம், ஆப்பிரிக்க வழிவந்த க்ரியோல்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மாலை நான்கு மணிக்கு வந்து எலுமிச்சைக் கூடையை முன்னால் வைத்துப் பிழிய உட்கார்ந்துவிடுவார். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து வடிகட்டி, பாகு அவரே காய்ச்சுவார். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஒரு நாள் கற்கண்டுக் கட்டி ஒன்றைக் காட்டி, போர்ட் லூயியில் பூஜை சாமான் விற்கிற கடையில் வாங்கினேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். விக் எழுதி வைத்த கற்கண்டுப் பாகுக்குத் தமிழர் கடைக் கற்கண்டு! அந்த மனிதருக்கு வேலைமேல் இருந்த அக்கறைக்கு இதைவிட என்ன சொல்ல?

மொரீஷியஸ் ரம்மை வைத்தே எல்லாவற்றையும் கலப்பார். எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து, அதில் கடுமையான ரம் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்து, பட்டைத் தூளை ஒரு சிட்டிகை தூவுவார். தீப்பொறி பறக்கும். பக்கத்து மேசைக் குழந்தைகள் ஓடி வந்து நிற்கும். அப்புறம் அந்தக் குழந்தைகளுக்கும் ரம் இல்லாமல் பாதாம் பாகும் எலுமிச்சையும் சோடாவும் கலந்து, குடை குத்திக் கொடுப்பார்.

சனிக்கிழமை அவரைப் பற்றிக் கேட்டேன். உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். இந்தத் தீவிலிருந்து கப்பல் வேலைக்குப் போகாத தெரு இல்லை. போனதில் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல சம்பளம் கிடைக்கட்டும். ஆனால் அவர் இடத்தில் ஒரு ஆளைப் பழக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையனை நிறுத்தி, கையில் ஒரு அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் ஒன்றிலிருந்து இவ்வளவு, பாட்டில் இரண்டிலிருந்து இவ்வளவு. பாவம், பயந்துபோய் அதைப் பார்த்துப் பார்த்துக் கலக்குகிறான்.

டானும் தன் கடையில் பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டாமல் எண்ணும் குறியும்தான் ஒட்டினார். தன் கலவையை யாரும் கொண்டுபோய்விடக்கூடாது என்று பயம். ஆனால் கலந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். பலர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். கடைப் பலகையில் அவர்கள் பெயர் வரவில்லை. அவர்களில் ஒருவர், ரே பூஹென், 1961-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டிக்கி-டி என்று தனக்கென ஒரு சின்னக் கடை போட்டார். அது அவர் பிள்ளை, பேரன் கைக்குப் போய் இன்றும் நடக்கிறது. டிக்கி பார் என்பது ஓலைக் கூரை இல்லை. இப்படிக் கை மாறி வருகிற வேலை. இங்கே அந்தக் கையைத்தான் விட்டுவிட்டார்கள்.

ஜூலை 18

"குடும்பப் பெண் ரம் பற்றி எழுதலாமா" என்று கேட்டவருக்கு: எழுதலாம். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காவடி விரதம் இருப்பேனா என்று அதற்குக் கீழேயே கேட்டவருக்கு: இருப்பேன். தைப்பூசத்துக்கு முன்னால் வீட்டில் மாமி, நான், வீட்டுக்காரர் எல்லாரும் இருக்கிறோம். அந்த நாட்களில் மீன், முட்டைகூட வாசல் தாண்டாது. இங்கே தைப்பூசம் அரசு விடுமுறை என்பது தெரியாதவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 20

செகா பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமைகளில் நான்கு பேர் வருவார்கள். ரவான் என்கிற வட்டமான தோல் மேளம், மரவான் என்கிற கரும்புத்தட்டைக் கிலுகிலுப்பை, முக்கோணக் கம்பி. மணலில் சின்னதாகத் தீ மூட்டி, ரவானைக் காட்டிக் காட்டி முறுக்கேற்றுவார்கள். நம் ஊரில் பறையைச் சூடு காட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதன்முறை அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்த மண்ணில் உருவாக்கிய இசை. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதை எடுத்துவிட்டு டிஜே வைத்திருக்கிறார்கள். அன்று போட்ட பாட்டு எந்த விமான நிலையத்திலும் கேட்கலாம்.

இன்னொரு விஷயம். நியூசிலாந்திலிருந்து ஒரு தங்கை கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தார். டிக்கி என்பது மாவோரி மக்களுக்கும் மற்ற பாலினீசியர்களுக்கும் புனிதமான உருவம், முன்னோர். அதைக் குவளையாக்கி மது ஊற்றுவதைக் கொண்டாடலாமா என்று கேட்டிருந்தார். இரண்டு மூன்று தடவை படித்தேன். முருகனின் வேலாயுதத்தை எவனாவது ரம் கலக்குகிற குச்சியாகச் செய்து விற்றால் நான் சும்மா இருப்பேனா? இருக்கமாட்டேன். அந்தப் பீங்கான் குவளைகள் போய்விட்டன என்று 13-ஆம் தேதி வருத்தப்பட்டு எழுதினேன். இப்போது அந்த வருத்தம் இல்லை. பிளாஸ்டிக்கும் வேண்டாம், முகம் செதுக்கிய குவளையும் வேண்டாம். சாதாரண கண்ணாடித் தம்ளர் போதும்.

அப்படியானால் அதை டிக்கி பார் என்று ஏன் சொல்லவேண்டும் என்று தங்கை திரும்பக் கேட்பார். சொல்லவேண்டாம்தான். பசிபிக்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இங்கே கரும்பு இருக்கிறது, ரம் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, ரவான் இருக்கிறது. அந்த மனிதர் கலந்துகொண்டிருந்தது மொரீஷியஸ் பானம்தான். பலகையில் எழுதியிருந்தது மட்டும் வேறு.

ஜூலை 20, பின்னிரவு

மேலே எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தேவாரம், திருப்புகழ் அளவுக்குத்தான், மீதியை இந்த ஊர்ப் பேச்சுமொழியான க்ரியோலில் சொன்னேன். அவர் தாத்தா கரும்பு வெட்டியவர். தாத்தாவின் தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்து போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்கிற இறங்குதுறையின் படிக்கட்டில் ஏறியவர். "எங்கள் ஆட்கள் வெட்டிய கரும்புக்கு நல்ல கிளாஸ்கூட இல்லையா" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஜூலை 23

கேள்வி கேட்ட தம்பி இன்னும் இருக்கிறாரா? ரம் விஷயத்தில் அவருக்கு உதவியாகக் கொஞ்சம்.

இங்கே இரண்டு வகை. சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடிப்பது ஒன்று. நம் ஊர் ரம் பெரும்பாலும் அந்த வழிதான். கரும்புச் சாற்றை நேராகப் புளிக்கவைத்து வடிப்பது இன்னொன்று. இதற்கு மொரீஷியஸில் 2006-இல்தான் சட்டம் வழிவிட்டது. அதன்பிறகு ஷமரெல், சென்ட் ஓபன் போன்ற இடங்களில் செய்வது நன்றாகப் பெயர் வாங்கிவிட்டது. மோந்து பார்த்தாலே பச்சைக் கரும்பு வாசனை வரும். ஷமரெல் வடிசாலையைச் சுற்றிப் பார்க்கலாம், மலைமேல் கரும்புக்கு நடுவில் இருக்கிறது. பகலில் போங்கள். குடித்துவிட்டு அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டாதீர்கள். டிரைவரோடு போங்கள்.

ரீயூனியன் அண்ணி சும்மா விடவில்லை. எங்கள் ஊர் ரம் அரான்ஜேயை விட்டுவிட்டாயே என்றார். பாட்டில் ரம்மில் வனிலாக் காய், லிச்சி, இஞ்சி, பழத்தோல் என்று போட்டு மாதக்கணக்கில் ஊறவிடுவது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம். அண்ணி வீட்டு அலமாரியில் ஜாடி ஜாடியாக நிற்கும், ஊறுகாய் வைத்திருப்பதைப் போலவே மேலே தேதி ஒட்டியிருக்கும். சாப்பாட்டுக்குப் பின் சின்ன கிளாஸில் தருவார்கள். அன்று இரவு எல்லாரும் முகம் வாடித் திரும்பியபோது, அண்ணி பெட்டியிலிருந்து வனிலா ஜாடியை எடுத்தார். காத்தோ பிமான் நான் பொரித்தேன். பருப்பை அரைத்து மிளகாய் போட்டுப் பொரிக்கும் சின்ன உருண்டை அது. அன்று பாரில் கொடுத்தது உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்தது, நடுவில் சில்லென்று இருந்தது. பிறந்தநாள் எங்கள் சமையலறையில்தான் நடந்தது.

ரம் வேண்டாம் என்கிறவர்கள் போர்ட் லூயி மத்தியச் சந்தையில் அலூதா குடியுங்கள். பால், சப்ஜா விதை, கடல்பாசி. வெயிலுக்கு அதை அடிக்க ஒன்றும் இல்லை.

ஜூலை 24

வீட்டில் பாதாம் பாகு செய்யும் முறை கேட்டவர்களுக்கு. ஒரு கப் பாதாமை இரவு ஊறவைத்துத் தோல் நீக்குங்கள். ஒன்றரை கப் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் முறுக்கிப் பிழியுங்கள். கிடைக்கிற பாலுக்குச் சம அளவு சர்க்கரை. அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள், சர்க்கரை கரைகிற சூடு போதும். ஆறியபின் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் சில சொட்டு. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பன்னீர் ஊற்றாதீர்கள், பால்கோவா வாசனை வந்துவிடும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். பிரிந்து நின்றால் குலுக்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை 27

மேலாளரிடம் போய்ப் பேசினேன். ஞாயிறு பகல், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். இங்கே எழுதிவிட்டு அவரிடம் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மரியாதையாகத்தான் கேட்டார். குவளைகளைப் பயணிகள் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்களாம். நம்புகிறேன். எலுமிச்சை விலை ஏறிவிட்டது, பிழிய ஆள் இல்லை என்றார். விலையை காத்ர போர்ன் சந்தையில் நானும்தான் பார்க்கிறேன். ஒரு கோப்பைக்கு ஒரு பழம். அவர் வாங்குகிற விலையில் அது ஒரு மூலைக்கு வராது. அதைச் சொன்னேன். டிஜே பற்றிக் கேட்டதற்கு, ஓட்டல்காரர்கள் அனுப்புகிற விருந்தினர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடை நடத்துகிறவர் அவர்.

அந்தப் பையன் தூரத்தில் கிளாஸ் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கிளம்பும்போது வாசல்வரை வந்து, பாதாம் பாகு எப்படிச் செய்வது என்று மெதுவாகக் கேட்டான். 24-ஆம் தேதி எழுதியதை க்ரியோலில் சொல்லி, போனில் குரலாகவும் பதிவுசெய்து கொடுத்தேன். பழையவரின் எண்ணும் அவனிடம் இருக்கிறதாம், கூப்பிடத் தயக்கமாக இருந்ததாம். கூப்பிடு, சந்தோஷப்படுவார் என்றேன்.

ஜூலை 28

"பையனை மாற்றிவிட்டீர்கள், கதை முடிந்தது" என்று இதய அடையாளம் போட்டு எழுதாதீர்கள். ஒன்றும் முடியவில்லை. சம்பளத்தையும் எலுமிச்சையையும் மேலாளர்தான் தரவேண்டும். ஒரு பையன் ஆசைப்பட்டால் கடை மாறிவிடாது.

ஆகஸ்ட் 3

நேற்று நானும் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். சீக்கிரமே, ஸ்பீக்கர் தொடங்குமுன்.

மை டாய் கேட்கவில்லை. டைக்கிரி கேட்டேன். ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றே பொருள், ஒளிய இடம் இல்லாத பானம். பையன் கீழே குனிந்து ஒரு கிண்ணம் எலுமிச்சையை எடுத்தான். என் கண்முன்னால் பிழிந்தான். ரம் இங்குள்ள கரும்புச் சாற்று ரம். கொஞ்சம் அதிகமாகக் குலுக்கிவிட்டான், தண்ணீர் கூடிவிட்டது. ஆனாலும் எலுமிச்சை வாசனை வந்தது. வெள்ளி, சனி மட்டும் பிழிய மேலாளர் சம்மதித்திருக்கிறாராம், கேட்கிறவர்களுக்கு மட்டும். பட்டியலில் எழுதவில்லை. பாதாம் பாகுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. ஏழு மணிக்கு ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது, எழுந்து வந்துவிட்டோம்.

ஆக, தம்பி, செப்டம்பரில் வரும்போது இப்படிச் செய்யுங்கள். வெள்ளி அல்லது சனி, ஐந்தரை மணிக்குப் போய்ச் சேருங்கள். கடைப் பெயரை உங்களுக்கு மட்டும் தனிமடலில் அனுப்புகிறேன். பாரிலேயே உட்காருங்கள், மேசைக்குப் போகாதீர்கள். புதிதாகப் பிழிந்த எலுமிச்சையில் டைக்கிரி வேண்டும் என்று கேளுங்கள். பாட்டிலை எடுத்தால் காசு கொடுக்குமுன் எழுந்துவிடுங்கள். சிவப்பாக எது வந்தாலும் தொடாதீர்கள். ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள், டாக்சியை முன்பே சொல்லி வையுங்கள். அந்நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. டிப்ஸை மேசையில் வைக்காமல் அந்தப் பையன் கையில் கொடுங்கள்.